பழைய காருக்கு புது பெயின்ட் அடிக்கலாமா? ஷெட்டில் தூங்கும் 'பிளசர்' காரின் மதிப்பு எதில் இருக்கிறது?

நெல்லைப் பக்கம் 'கார்' என்றால் விவசாயிகளுக்கு முதலில் ஞாபகம் வருவது நெல் சாகுபடிதான். ரோட்டில் ஓடும் காருக்கு கிராமத்துப் பெரியவர்கள் வைத்த பெயர் 'பிளசர்'.

அப்படி ஒரு பிளசர், தாமிரபரணிக் கரையோரம் ஒரு பழைய வீட்டின் ஷெட்டில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். தாத்தா வாங்கிய அமெரிக்க கார். மேற்கூரை துணியால் ஆனது, மடக்கிவிட்டால் திறந்த காராகிவிடும். அதாவது 'கன்வர்ட்டிபிள்'. மீட்டரில் 20 ஆயிரம் மைல்கூட இல்லை. பெயின்ட் மங்கி, முனைகளில் தேய்ந்து, சீட்டில் ஒரு தையல் விட்டிருக்கிறது. ஆனால் கம்பெனியில் இருந்து வந்த பிறகு யாரும் அதில் பெரிதாக கை வைக்கவில்லை.

தெரிந்த மெக்கானிக் வந்து பார்த்தால் என்ன சொல்வார்? "அண்ணாச்சி, டிங்கரிங் பண்ணி, பட்டி பாத்து, பெயின்ட் அடிச்சிருவோம். புதுசு கணக்கா ஆயிரும்."

புதுசு கணக்கா ஆகும்தான். ஆனால் அந்தக் காரில் அதுவரை இருந்த, வேறெங்கும் காசு கொடுத்து வாங்க முடியாத ஒன்று அன்றோடு போய்விடும். அது என்ன? பழைய கார் வைத்திருப்பவர்கள் முடிவெடுக்கும் முன் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? பார்க்கலாம்.

'ஒரிஜினல்' கார் என்றால் என்ன?

பழைய கார்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, முழுவதும் பிரித்து, துருவை வெட்டியெடுத்து, புது தகடு வைத்து, புது பெயின்ட் அடித்து, பளபளவென்று நிறுத்தப்பட்ட கார். இதை ரெஸ்டோர் செய்த கார் என்பார்கள். இன்னொன்று, தொழிற்சாலையில் அடித்த அதே பெயின்ட், அதே சீட் துணி, அதே குரோம், அதே கண்ணாடியோடு வயதான கார். டயர், பேட்டரி, ரப்பர் ஓஸ், பிரேக் வாஷர் மாதிரி தேயும் பொருட்களை மாற்றியிருக்கலாம், அதில் தப்பில்லை. மற்றதெல்லாம் அன்று பொருத்தியது பொருத்தியபடி இருக்கும்.

பல ஆண்டுகளாக முதல் வகைக்குத்தான் பரிசும் விலையும். பழைய கார் போட்டிகளில் புது காரைவிட பளபளப்பாக நிற்கும் வண்டிகள்தான் ஜெயித்தன. பிறகு மெல்ல மெல்ல பார்வை மாறியது. உலகின் பெரிய கார் அழகுப் போட்டியான அமெரிக்காவின் பெபிள் பீச்சில், 2001-ம் ஆண்டு வாக்கில் மெருகு போடாத கார்களுக்கென்றே தனிப் பிரிவு வந்தது. 2024 ஆகஸ்டில் அங்கே ஒரு பெரிய திருப்பம். 1934-ம் ஆண்டு தயாரான புகாட்டி டைப் 59 கார், ஒட்டுமொத்த முதல் பரிசை தட்டிச் சென்றது. பெல்ஜியம் மன்னர் மூன்றாம் லியோபோல்டிடம் இருந்த வண்டி அது. பெயின்ட் தேய்ந்து, கீறலும் தழும்புமாக நின்ற அந்தக் கார், பளபளத்த போட்டியாளர்கள் அத்தனை பேரையும் தோற்கடித்தது. ரெஸ்டோர் செய்யாத கார் ஒன்று அங்கே முதலிடம் பிடித்தது அதுவே முதல்முறை.

கீறல் விழுந்த காருக்கு எதற்கு இவ்வளவு மவுசு என்று கேட்கலாம். நெல்லைக்காரர்களுக்கு இதைப் புரிய வைக்க பெபிள் பீச் வரை போகவே வேண்டாம். வீரவநல்லூர் பக்கம் திருப்புடைமருதூர் போனாலே போதும். அங்குள்ள நாறும்பூநாதர் கோயில் கோபுரத்தின் உள்ளே, ஐந்து நிலைகளிலும் நாயக்கர் கால ஓவியங்கள் இருக்கின்றன. நிறம் மங்கியிருக்கிறது, சில இடங்களில் உதிர்ந்தும் இருக்கிறது. அதற்காக யாராவது எனாமல் பெயின்ட் டப்பாவோடு ஏறி 'பளிச்' என்று அடித்துவிட்டு இறங்கினால் ஊரே சண்டைக்கு வரும். கோயில் தூண்களை மணலைப் பீய்ச்சியடித்து சுத்தம் செய்தபோது கல்வெட்டு எழுத்துகளும் சேர்ந்து தேய்ந்தன. அதற்கு எதிர்ப்பு கிளம்பி, அந்த முறைக்கு தடையே வந்தது. தூண் சுத்தமானது உண்மை. எழுத்து போனது போனதுதான்.

காரிலும் அதே கதை. 1950-களில் ஒரு தொழிற்சாலையில் பெயின்ட் எத்தனை மெல்லிசாக அடித்தார்கள், சீட்டுக்குள் என்ன அடைத்தார்கள், போல்ட் தலையில் என்ன எழுதியிருந்தது, கதவு இடுக்கில் எந்த நிறம் விட்டார்கள்... இதெல்லாம் புத்தகத்தில் இருக்காது. கை படாத காரில் மட்டும்தான் இருக்கும். ரெஸ்டோர் செய்பவர்களே சந்தேகம் வந்தால் இப்படி ஒரு வண்டியைத் தேடிப் போய்த்தான் பார்த்துக்கொள்கிறார்கள்.

அமெரிக்க கார்கள் தெற்கே எப்படி வந்தன?

இந்தக் கதையில் நெல்லை மாவட்டத்துக்கு நேரடியாகவே பங்கு உண்டு. களக்காடு பக்கத்தில் உள்ள திருக்குறுங்குடியில் 1877-ல் பிறந்தவர் டி.வி.சுந்தரம் அய்யங்கார். 1911-ல் இவர் மதுரையில் தொடங்கிய நிறுவனம்தான் டி.வி.எஸ். பஸ் ஓட்டுவதில் ஆரம்பித்து, பிறகு அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளை தென் மாவட்டங்களில் விற்கும் ஏஜென்சியை எடுத்தார்கள். செவர்லே காரும் லாரியும் இந்தப் பக்கம் பரவியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஊர்ப் பெரியவர்கள் வாயில் அது 'செவர்லெட்'.

அன்றைக்கு அந்த வண்டிகள் முழுசாக கப்பலில் வந்து இறங்கியவை மட்டுமல்ல. ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதல் மும்பை சிவ்ரியில் உதிரிபாகங்களை வரவழைத்து கார்களைப் பூட்டி விற்றது. ஃபோர்டும் சென்னை, மும்பை, கொல்கத்தாவில் இதே வேலையைச் செய்தது. டாட்ஜ், பிளைமவுத் கார்களை மும்பையில் பிரீமியர் நிறுவனமும், ஸ்டூடிபேக்கரை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸும் பூட்டின. 1950-களின் நடுவில் மத்திய அரசு, இங்கேயே தயாரிக்கிற நிறுவனங்களுக்குத்தான் இடம் என்று கறாராகச் சொன்னதும், ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டின.

அதன் பிறகு வந்த இம்பாலா மாதிரி கார்கள் பெரும்பாலும் வெளிநாட்டுத் தூதரகங்கள் பயன்படுத்தி, அரசின் எஸ்.டி.சி. நிறுவனம் வழியாக விற்பனைக்கு வந்தவை. சினிமா நட்சத்திரங்களும் பெரிய மில்காரர்களும் போட்டி போட்டு வாங்கியது அவற்றைத்தான். அதிலும் கன்வர்ட்டிபிள் ரொம்ப அபூர்வம். நம் ஊர் வெயிலுக்கு கூரை திறந்த காரை வாங்க தனி துணிச்சல் வேண்டுமே!

சரி, இன்று நெல்லையில் ஒரு வீட்டு ஷெட்டைத் திறந்தால் இம்பாலா நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அம்பாசடரோ, பழைய ஃபியட்டோ, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டோ நிற்க வாய்ப்பு அதிகம். கீழே சொல்வதெல்லாம் அவற்றுக்கும் அப்படியே பொருந்தும்.

மீட்டரில் 12 ஆயிரம் மைல்... நம்பலாமா?

நம்பவும் வேண்டாம், உடனே சந்தேகப்படவும் வேண்டாம். அந்தக் கால கார் மீட்டர்களில் பெரும்பாலும் ஐந்து இலக்கம்தான். 99,999-ஐ தாண்டினால் மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். அதனால் 12,000 என்று காட்டும் கார் உண்மையில் 1,12,000 மைல் ஓடியிருக்கலாம். மைல், கிலோமீட்டர் குழப்பம் வேறு. 12,000 மைல் என்பது 19,000 கிலோமீட்டருக்கும் மேல்.

மீட்டர் பொய் சொன்னாலும் வண்டி சொல்லாது. கிளட்ச், பிரேக் பெடல்களின் ரப்பரைப் பாருங்கள். குறைவாக ஓடிய காரில் அந்த வரிகள் கூர்மையாகவே இருக்கும். டிரைவர் கதவைத் திறந்து லேசாகத் தூக்கிப் பாருங்கள், கீல் தேய்ந்திருந்தால் கதவு ஆடும். டிரைவர் சீட் மட்டும் குழிந்து, மற்ற சீட்டுகள் கும்மென்று இருந்தால் வண்டி நிறைய உழைத்திருக்கிறது என்று அர்த்தம். ஸ்டீயரிங்கில் கை பிடிக்கும் இடத்தையும் பாருங்கள்.

பெயின்ட் ஒரிஜினலா என்று பார்க்க ஒரு சின்ன காந்தம் போதும். மெல்லிய துணியில் சுற்றி, பாடி மேல் நகர்த்திக்கொண்டே வாருங்கள். இரும்புத் தகடு என்றால் ஒட்டும். உள்ளே கனமாக பட்டி பார்த்த இடத்தில் பிடி தளர்ந்துவிடும். பானெட்டின் அடிப்பக்கம், டிக்கியின் உள்பக்கம், டாஷ்போர்டுக்குக் கீழே எல்லாம் ஒரே நிறமா என்றும் பார்க்க வேண்டும். வெளியே மெரூன், உள்ளே பச்சை என்றால் கதை முடிந்தது.

நம் ஊர் பட்டறைகளில் இன்றும் 'டூக்கோ பெயின்ட்' என்று சொல்கிறார்கள் இல்லையா? அந்தப் பெயரே 1920-களில் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்காகக் கொண்டுவந்த பெயின்ட்டின் பிராண்ட் பெயர்தான். சீக்கிரம் காயும், மெல்லிசாக இருக்கும். அதனால்தான் பழைய காரை ரப்பிங் காம்பவுண்ட் போட்டு தேய்க்கக் கூடாது. பளபளப்பு வருவதற்குள் பெயின்ட்டே கரைந்து தகடு எட்டிப் பார்க்கும்.

ஓடாமலே வைத்திருந்தால் நல்லதா?

இதற்கு அமெரிக்காவில் இரண்டு கதைகள் உண்டு.

1957 ஜூன் 15. ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரம். மாநிலத்தின் 50-வது ஆண்டு கொண்டாட்டத்துக்காக, தங்க நிறமும் வெள்ளையும் கலந்த புத்தம் புது பிளைமவுத் பெல்வடேர் கார் ஒன்றை, நீதிமன்ற வளாகத்தில் கான்கிரீட் பெட்டகம் கட்டி மண்ணுக்குள் புதைத்தார்கள். சரியாக 50 ஆண்டு கழித்து எடுப்பது என்று திட்டம். 2007-ல் உலகத்தில் பெட்ரோலே இருக்காதோ என்று பயந்து, கேன்களில் பெட்ரோலையும் சேர்த்தே வைத்தார்கள்! அந்த ஆண்டு டல்சாவின் மக்கள்தொகை எவ்வளவு இருக்கும் என்று சரியாகக் கணிப்பவருக்கு அந்தக் கார் பரிசு.

2007-ல் மூடியைத் திறந்தபோது பெட்டகம் முழுக்க தண்ணீர். ஓடவே ஓடாத கார் துருப்பிடித்து, சேறு பூசி, தொட்டால் பொடியும் நிலையில் வெளியே வந்தது. போட்டியில் ஜெயித்தவரும் அதற்குள் இறந்துபோயிருந்தார். கார் அவருடைய உறவினர்களுக்குப் போய், இன்று இல்லினாய் மாநிலத்தில் ஒரு மியூசியத்தில் இருக்கிறது. இனி அது ஓடப்போவதில்லை.

இரண்டாவது கதை 1976-ல். பாதுகாப்பு விதிகள் கடுமையாகும் என்ற பேச்சாலும், விற்பனை சரிந்ததாலும் அமெரிக்க கம்பெனிகள் கன்வர்ட்டிபிள் தயாரிப்பதையே நிறுத்திக்கொண்டிருந்தன. கேடிலாக் எல்டொராடோதான் கடைசி அமெரிக்க கன்வர்ட்டிபிள் என்று விளம்பரம் வந்தது. பின்னாளில் கோடிக்கணக்கில் போகும் என்று நம்பி, பலர் வாங்கி ஓட்டாமல் அப்படியே பூட்டி வைத்தார்கள். கடைசி 200 கார்கள் வெள்ளை நிறத்திலேயே வந்தன. ஆனால் 1980-களில் கன்வர்ட்டிபிள்கள் மறுபடி வந்துவிட்டன. கேடிலாக்கே 1984-ல் புதிதாக ஒன்றை விட்டது. ஏமாந்தவர்கள் வழக்குகூட போட்டார்கள். எல்லோருமே பத்திரமாக வைத்திருந்ததால் ஓடாத எல்டொராடோ அப்படி ஒன்றும் அபூர்வமாக இல்லை.

மைல் குறைவு என்பது மட்டும் மதிப்பில்லை என்பது இந்த இரண்டிலும் தெரியும். டல்சா கதை நெல்லைக்கு இன்னும் பக்கமானது. 2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. தாமிரபரணி பொங்கி, நெல்லை சந்திப்பு முதல் ஸ்ரீவைகுண்டம் வரை வெள்ளக்காடானது. வீட்டு வாசலில் நின்ற வண்டிகள் எல்லாம் மூழ்கின. டல்சா பெட்டகத்தில் தண்ணீருக்கு 50 ஆண்டு நேரம் கிடைத்தது. ஆற்று வெள்ளத்துக்கு ஒரு ராத்திரி போதும். சேசிஸ் பெட்டிக்குள்ளும் கதவுக்குள்ளும் வண்டல் போய் உட்கார்ந்துகொண்டு, வெளியே காய்ந்த பிறகும் உள்ளிருந்து தின்றுகொண்டே இருக்கும். அப்படி மூழ்கிய காரை எக்காரணம் கொண்டும் உடனே ஸ்டார்ட் செய்து பார்க்கக் கூடாது. முதலில் நல்ல தண்ணீரால் வண்டலைக் கழுவி, கதவுகளைத் திறந்துபோட்டு காயவிட வேண்டும்.

ஷெட்டில் நிற்கும் காரை எப்படி பார்த்துக்கொள்வது?

பலரும் செய்யும் தப்பு, பிளாஸ்டிக் தார்ப்பாய். தரையிலிருந்து எழும் ஈரம் வெளியே போக வழியில்லாமல் அடியிலேயே நின்று துருவாக மாறும். ஐப்பசி, கார்த்திகையில் வயலெல்லாம் தண்ணீர் நிற்கும் ஊரில் இது இன்னும் மோசம். பழைய காட்டன் வேட்டியோ போர்வையோ போர்த்தினால் போதும். சக்கரங்களை தரையை விட்டு ஸ்டாண்டில் தூக்கி வைத்தால் டயர் ஒரு பக்கமாக நசுங்காது. எலித் தொல்லையை சாதாரணமாக நினைக்க வேண்டாம். ஒயரிங்கும் சீட் பஞ்சும் அதற்கு விருந்து.

கன்வர்ட்டிபிளின் துணிக் கூரையை எப்போதும் விரித்தே வைக்க வேண்டும். மடக்கி வைத்தால் மடிப்பில் ஈரம் தங்கும், எலி கூடு கட்டும். பல ஆண்டு மடங்கிக் கிடந்த துணியை அவசரமாக இழுத்தால் மடிப்போடு கிழியும். கிழிசல் இருந்தால் தைப்பது நல்லது, புதுசு போடுவது கடைசி வழி. சீட்டுக்கும் இதேதான்.

வருஷக்கணக்கில் நின்ற காரை, பேட்டரியைப் போட்டு சாவியைத் திருகி 'கிளம்புதான்னு பாப்போமே' என்று சோதிப்பது பெரிய ஆபத்து. டேங்கில் பழைய பெட்ரோல் பிசினாகியிருக்கும். சிலிண்டருக்குள் ரிங் ஒட்டியிருக்கும். பழைய பெட்ரோலை வடித்து, பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு இரண்டு நாள் ஊறவிட்டு, பிறகு கையால் இன்ஜினை மெதுவாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். இன்னொன்று, அந்தக் கால அமெரிக்க கார்களில் பல 6 வோல்ட். செவர்லே 1955 மாடலில்தான் 12 வோல்ட்டுக்கு மாறியது. தெரியாமல் இன்றைய 12 வோல்ட் பேட்டரியை மாட்டினால் பல்ப், மீட்டர் எல்லாம் போய்விடும்.

எதைக் கழற்றினாலும், உடைந்த நட்டாக இருந்தாலும், தூக்கிப் போடாமல் ஒரு டப்பாவில் வையுங்கள். காயலான் கடைக்கு மட்டும் அவசரப்பட்டு போன் போட வேண்டாம். காயல்பட்டினத்துக்காரர்கள் நடத்தியதால் வந்த பெயர் அது என்று சொல்வார்கள். பெயர் நம் பக்கத்து ஊரோடதாக இருக்கலாம், ஆனால் அங்கே கார் எடைக்குத்தான் போகும்.

அப்படியானால் பெயின்ட்டே அடிக்கக் கூடாதா?

அப்படியும் இல்லை. தரைத் தகடு ஓட்டையாகி, சேசிஸ் துரு தின்று, கதவைத் திறந்தால் கையோடு வருகிறது என்றால் அதை 'ஒரிஜினல்' என்று சொல்லி கட்டிக்கொண்டு அழுவதில் அர்த்தமில்லை. அதில் காப்பாற்ற எதுவும் மிச்சமில்லை, தாராளமாக ரெஸ்டோர் செய்யலாம். ஏற்கனவே இரண்டு முறை பெயின்ட் அடித்த காருக்கு மூன்றாவது முறை அடிப்பதிலும் நஷ்டமில்லை. பிரேக், ஸ்டீயரிங் இரண்டிலும் ஒரிஜினல் பேச்சே கூடாது. உயிர் சம்பந்தப்பட்டது.

யோசிக்க வேண்டியது நடுவில் இருக்கும் கார்களுக்குத்தான். பாடி உறுதியாக இருக்கிறது, பெயின்ட் மட்டும் மங்கியிருக்கிறது என்ற நிலை. அங்கே ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் பெரும்பாலும் சரி. பெயின்ட்டை அடுத்த வருஷமும் அடிக்கலாம், பத்து வருஷம் கழித்தும் அடிக்கலாம். அடித்த பிறகு பழையதைக் கொண்டுவர முடியாது.

கோவையில் ஜி.டி.நாயுடு அறக்கட்டளையின் கார் மியூசியமும், சென்னை ஏ.வி.எம். ஸ்டூடியோவில் உள்ள ஹெரிடேஜ் மியூசியமும் பழைய கார்களைப் பக்கத்தில் நின்று பார்க்க நல்ல இடங்கள். போனால் பளபளப்பை மட்டும் பார்த்துவிட்டு வராமல், கதவு இடுக்கு, சீட் தையல், மீட்டர் எழுத்து எல்லாவற்றையும் கவனியுங்கள். வீட்டில் நிற்கும் வண்டியை வேறு கண்ணோடு பார்ப்பீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

பழைய வாகனங்களுக்கான சர்வதேச கூட்டமைப்பான ஃபிவா, 30 வயது தாண்டினாலே வரலாற்று வாகனம் என்கிறது. இந்தியாவில் 50. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில் கொண்டுவந்த விதிப்படி, முதன்முதலில் பதிவான நாளில் இருந்து 50 ஆண்டு தாண்டிய இருசக்கர, நான்கு சக்கர வாகனங்கள் 'வின்டேஜ்' ஆகப் பதிவு செய்யப்படலாம்.

அதில்தான் ஒரு முக்கியமான நிபந்தனை. வண்டி அதன் அசல் வடிவில் இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய அளவில் மாற்றம் செய்திருக்கக் கூடாது. டீசல் இன்ஜின் ஏற்றிய பழைய அமெரிக்க கார்கள் நம் ஊரில் ஏராளம். பெட்ரோல் செலவுக்கு பயந்து அன்றைக்கு செய்தது, இன்று இந்த இடத்தில் இடிக்கும். புது பெயின்ட் மட்டும் அடித்ததற்காக இந்த விதியில் தகுதி போகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அங்கே போவது சேகரிப்பாளர்கள் தரும் மதிப்புதான்.

புதிய வின்டேஜ் பதிவுக்கு கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டுகள் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். புதிதாகப் பதிவாகும் வண்டிகளின் நம்பரில் மாநிலக் குறியீட்டுக்குப் பிறகு 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். ஏற்கனவே பதிவான வண்டிகள் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். தாத்தா காலத்து நம்பர் பிளேட்டை கழற்ற வேண்டியதில்லை. ஆனால் இந்த வண்டியை தினமும் ஆபீசுக்கு எடுத்துப் போக முடியாது, வாடகைக்கும் விட முடியாது. கண்காட்சி, வின்டேஜ் ரேலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே ரோட்டில் ஓட்டலாம்.

விண்ணப்பிக்கும் முன் பீரோவைத் திறந்து பழைய ஆர்.சி. புக், வரி கட்டிய ரசீது, ஏஜென்சி பில், காரோடு எடுத்த குடும்ப போட்டோ எல்லாவற்றையும் ஒரே உறையில் சேர்த்து வையுங்கள். பிறகு வண்டியில் ரிவெட் அடித்து வைத்திருக்கும் சின்ன நம்பர் தகட்டைத் தேடிப் பிடித்து, அதிலுள்ள எண் ஆர்.சி. புக்கோடு பொருந்துகிறதா என்று பார்த்து, அப்படியே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பட்டறையில் பெயின்ட் அடிக்கும்போது முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட மறந்துபோவது இந்தத் தகட்டைத்தான்.